சுவர் காயக் கூடாது

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்கிடுங்க தம்பி. எனக்கு இந்த ஓரம் போதும், காலு நீட்ட வசதி. எங்க போறீங்க, திண்டுக்கல்லா? நானும் திண்டுக்கல்தான். நல்லதாப் போச்சி, பேச்சுத் துணைக்கு ஆளாச்சி. எனக்குக் கோயில்பட்டி. என் சம்சாரம் திண்டுக்கல்லு ஆஸ்பத்திரியில இருக்கா. மக வீடு அங்கதான். பயப்பட ஒண்ணுமில்ல, இழுப்பு. மூச்சு இழுப்பு. ரொம்ப காலமா உள்ளதுதான், இந்தத் தடவ கொஞ்சம் கூடுதலா வந்துருச்சி. ஐ.சி.யூ.ல வச்சிருக்காங்கன்னு மக சொன்னா. இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் ஐ.சி.யூ.தான, பில்லு ஏத்தணும்ல.

ஒரு ஏசி மாட்டப் போயித்தான் தம்பி இம்புட்டும். ஆமா, ஏசி. அத மாட்ட வந்த பய ஒருத்தன் பண்ணுன காரியத்துல இன்னைக்கு என் குடும்பம் ரெண்டா நிக்குது. யார்கிட்ட சொன்னாலும் ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு எந்திரிச்சிப் போயிருதாங்க. நீங்க கேளுங்க. திண்டுக்கல் வரைக்கும் நேரம் கெடக்குல்ல.

நான் யாருன்னு சொல்லலயே. கோர்ட்டுல இருந்து ரிட்டயர் ஆனவன். வக்கீல் இல்ல, வக்கீலெல்லாம் நம்ம மேசைக்கு முன்னால வந்து நிக்கிறவங்க. கேஸ் சாமான் பூராவும் என் பொறுப்பு. வெட்டுன அரிவா, ரத்தம் பட்ட வேட்டி, திருடு போன அண்டா, லாரி ஏறின சைக்கிளு, எல்லாத்தையும் துணியில பொதிஞ்சி, நூலு கட்டி, அரக்கு வச்சி, ரூமுக்குள்ள அடுக்கியிருப்பேன். ஜட்ஜ் ஐயா கேட்ட நிமிஷம் எடுத்து நீட்டணும். என் சர்வீஸ்ல ஒரு சாமான் காணாமப் போனதில்ல. ஒரு அரக்கு ஒடஞ்சதில்ல. ரிட்டயர்மெண்ட் அன்னைக்கு ஐயா அத மேடையிலயே சொன்னாரு.

எத்தன கேஸ் பாத்திருக்கேன். நியாயம் இருக்கும், தடயம் இருக்காது, தோத்துருவான். ஒரு அம்மா இருந்துச்சி, இனாம்மணியாச்சிப் பக்கம். அடுத்த வீட்டுக்காரன் போர் போட்டதுல அந்தம்மா வீட்டுச் செவரு விரிஞ்சி போச்சி. கேஸ் போட்டுச்சி. கோர்ட்டுல இருந்து கமிஷனர் வந்து பாக்கணும். அவரு வர்றதுக்குள்ள பொங்கல் வந்துருச்சின்னு, விரிசல அடச்சி வெள்ளையும் அடிச்சிருச்சி. கமிஷனர் போயிப் பாத்தா செவரு பளபளன்னு இருக்கு. கேஸ் போச்சி. அந்தம்மா வெளிய வந்து என்ன சொல்லுதுங்கீங்க? ‘போகட்டும் சார், பொங்கலுக்கு வீடு நல்லா இருந்துச்சில்ல’ங்குது, சிரிச்சிக்கிட்டே. இப்படியும் ஜனங்க இருக்கு.

சரி, ஏசிக்கு வர்றேன். எங்க தெருவுல லாரி ஷெட்டு ரெண்டு இருக்கு. தூசின்னா தூசி, அப்படி ஒரு தூசி. ஆவுடைக்கு அது ஆகாது. ஆவுடைங்கிறது என் சம்சாரம், ஆவுடையம்மா. டாக்டரு ஜன்னலச் சாத்திட்டுப் படுக்கச் சொன்னாரு. பங்குனி வெயில்ல ஜன்னலச் சாத்திட்டுக் கெடந்தா மனுஷி வெந்துல போவா. நான்தான் சொன்னேன், ஏசி போட்டுருவோம்னு. அவ வேண்டாம்னா. அவளுக்காகத்தான் தம்பி வாங்குனேன். இத நீங்க ஞாபகம் வச்சிக்கிடணும், ஏன்னா என் மக இப்ப வேற மாதிரி பேசுதா.

மாட்ட வந்தவன் பேரு தினகர். காதுல அந்த ஒயரு மாட்டியிருந்தான். நிச்சயம் ஆயிருக்காம், அந்தப் பொண்ணுகூடப் பேச்சு. ஏணியில ஏறி நிக்கும்போதும் பேச்சு, தொளக்கிற மிஷின கையில வச்சிக்கிட்டும் பேச்சு. நடுவுல என்னப் பாத்துக் கேக்கான், ‘சார், இந்தச் செவுத்துக்குள்ள பைப் ஏதும் போகுதா?’ன்னு. நான் சொன்னேன், ‘நீதானப்பா தொழில்காரன், பாத்துப் போடு’ன்னு. சொன்னது தப்பா? டாக்டரு நம்மகிட்ட வந்து ஈரல் எந்தப் பக்கம் இருக்குன்னு கேப்பாரா?

ஆவுட அடுப்பங்கரையில இருந்து சத்தம் குடுத்தா. ‘அங்கன வேண்டாம், பாத்ரூமுக்குத் தண்ணி அதுலதான் எறங்குது. வீடு கட்டயில நான் நின்னு பாத்தேன்’னா. அவ எப்பவும் அப்படித்தான், எதுலயும் ஒரு வார்த்த. நீ போயி காப்பியப் போடுன்னு சொல்லிட்டேன். ஏன்னா அந்த எடத்த நான்தான் பாத்து வச்சிருந்தேன். அவ படுக்கிற பக்கம் நேரா காத்து வரணும்ல. கட்டில்ல படுத்துப் பாத்து, எந்திரிச்சி, பென்சிலால ஒரு பொட்டு வச்சிக் குடுத்தேன். வச்சேன். அதுக்காக? நான் ஒரு பொட்டு வச்சா அவன் கண்ண மூடிக்கிட்டு அதுல தொளச்சிருவானா?

தொளச்சான். மிஷினு முனையில ஈரம் ஒட்டியிருந்ததாம். அத ஆவுட பாத்திருக்கா, என்கிட்ட பெறவுதான் சொன்னா. அவன் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. ஏதோ வெள்ளப் பசைய உருட்டி ஓட்டையில அப்பி, மேல அந்தப் பிளாஸ்டிக் வட்டத்த மாட்டிட்டு, ‘சார், போன்ல அஞ்சு ஸ்டார் மட்டும் போட்டுருங்க’ன்னான். ஏசி அப்ப ஜில்லுன்னு காத்து விட்டுச்சி. போட்டேன். நல்ல பிள்ளன்னு ஒரு வார்த்தையும் சேத்துப் போட்டேன். பெறவு அந்த அஞ்சு ஸ்டாரத்தான் எனக்கு எதிரா எடுத்து நீட்டுனாங்க, பாத்துக்கிடுங்க. நம்ம வாக்குமூலம் நம்மளயே குத்துது.

ரெண்டு நாள்ல செவரு வேர்த்துச்சி. முதல்ல ஒரு தட்டு அளவுக்கு ஈரம். அப்புறம் கட்டில் தலமாடு வரைக்கும் பரவி, பெயிண்டு அப்பளம் மாதிரி பொரிஞ்சி எந்திரிச்சிருச்சி. பிளம்பரக் கூட்டியாந்தேன். செவுத்துல காது வச்சிக் கேட்டுட்டு, பைப்ப மிஷின் உரசியிருக்கு, கசியுது, ஒரு சாண் ஒடச்சாப் போதும், மாத்திப் பூசிருவோம்னாரு. ஆவுட உடனே சரின்னுட்டா. நான்தான் கைய நீட்டித் தடுத்தேன். தொடாதீங்க. கம்பெனிக்காரன் வந்து பாக்கட்டும். அவன் பண்ணுனத அவன் கண்ணால பாத்து ஒத்துக்கிடட்டும். பெறவு நீங்க ஒடைங்க. அது வரைக்கும் மொட்டமாடியில அந்தப் பைப்புக்கு உள்ள வால்வ மட்டும் அடச்சிட்டுப் போங்கன்னேன். அவரு என்ன ஒரு மாதிரிப் பாத்துட்டுப் போனாரு.

அன்னைக்கே கம்பெனிக்குப் போன் போட்டேன். எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, கேஸ் நடக்கும்போது பேரு சொல்லக் கூடாது. இல்ல, கேஸ் இன்னும் போடல. போடுறதுக்கு முன்னால அவங்க ஆளு வந்து பாத்தாத்தான் நமக்குப் பலம். ஒரு பொண்ணு பேசும். தேன் மாதிரி பேசும். ‘வருத்தப்படுறோம் சார், எங்க சீனியர் இஞ்சினியர் வந்து பார்வையிடுவாரு’ங்கும். காலையில பத்துல இருந்து ஒண்ணுக்குள்ளங்கும். நான் குளிச்சி, சட்டையப் போட்டு, வாசக்கதவத் தொறந்து வச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒருத்தன் வரமாட்டான். சாயங்காலம் போன்ல ஒரு மெசேஜ் வரும், உங்கள் புகார் தீர்க்கப்பட்டதுன்னு. மறுபடி போன், மறுபடி புகார். வேற பொண்ணு. முதல்ல இருந்து கத சொல்லணும்.

சாத்தூர் வந்துருச்சி. எறங்குறீங்களா, டீ ஏதும்? வேண்டாமா. எனக்கும் வேண்டாம்.

செவுத்துல இருந்து காரை உதிர ஆரம்பிச்சது. ஆவுட வாரியலாலக் கூட்டி அள்ளப் போனா. நான் விடல. பழைய வேட்டியக் கிழிச்சி, உதிர்ந்ததப் பூராவும் பொதிஞ்சி, நூலு கட்டி, அரக்கு வச்சேன். வீட்டுல அரக்கு எங்க இருந்து வந்துச்சின்னு கேக்கீங்களா? ரிட்டயர் ஆகும்போது ஒரு கட்டி கொண்டு வந்தேன், ஞாபகத்துக்கு. பொட்டலத்த பீரோவுல வச்சா இவ சேலையில தூசி படும்னா. சரின்னு அடுத்த ரூம்ல வச்சேன். வர வரப் பொட்டலம் கூடிருச்சி. அந்த ரூம்லயும் ஆளு படுக்க எடமில்லாமப் போச்சி. அதனால அவ ஏசி ரூம்லதான் படுத்தா. ஹால்ல படுக்கேன்னா, ஆனா கம்பெனிக்காரன் வந்து பாத்தா என்ன நெனப்பான், ரூம்ல ஆளே பொழங்கல, அப்புறம் என்ன பாதிப்புன்னு கேப்பான்ல.

சித்திரை வெயில்ல செவரு காய ஆரம்பிச்சிருச்சி தம்பி. கோயில்பட்டி வெயிலப் பத்தித்தான் தெரியுமே. கசிவு நின்னு போச்சில்ல, மேல உப்பு பூத்து, ஈரம் உள்ள வாங்கிருச்சி. எனக்குத் திக்குனு ஆயிருச்சி. நாளைக்கு இஞ்சினியர் வந்து கைய வச்சிப் பாத்துட்டு, எங்கய்யா ஈரம்னு கேட்டா? அந்த இனாம்மணியாச்சி அம்மா கததான் நமக்கும். அதனால தெனமும் காலையில மாடிக்குப் போயி, வால்வ கொஞ்சமாத் தொறந்து விடுவேன். அதிகமில்ல, ஒரு காப்பி குடிச்சி முடிக்கிற நேரம். பெறவு அடச்சிருவேன். அப்படி வச்சிருந்ததுலதான் செவரு இன்னைய வரைக்கும் அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு. வேற யாரா இருந்தாலும் விட்டுருப்பான். நான் விடல.

என்ன தம்பி அப்படிப் பாக்கீங்க? பொய்யான ஈரமா அது? அவன் போட்ட ஓட்டையில வர்ற ஈரம்தான?

பூசணம் பிடிச்சது, அத மறைக்க மாட்டேன். கட்டில் பக்கம் கருப்பா அடை அடையா. ஒரு வாடை. ஆவுட இருமுவா. ராத்திரி எந்திரிச்சி உக்காந்துக்கிடுவா. அந்தக் குழலு இருக்குல்ல, வாயில வச்சி அடிக்கிறது, முன்னெல்லாம் மழைக்காலத்துக்கு ஒண்ணு வாங்குவோம். இப்ப மாசத்துக்கு ஒண்ணு ஆச்சி. ஏசியப் போட்டுக்கிட்டுப் படுன்னா, ஏசி போட்டா வாடை கூடுதுங்கா. கட்டிலத் தள்ளிப் போடுவோம்னா. கட்டில் இருந்த எடத்துலயே இருக்கணும், அதான் முறைன்னு சொல்லிட்டேன். ‘கொஞ்ச நாளு பொறுத்துக்க ஆவுட, அவன் வந்து பாத்துட்டா மறுநாளே பூசிருவோம்’னு நான் எத்தன தடவ சொல்லியிருப்பேன். அவளும் பொறுத்துத்தான் இருந்தா. அத நான் குத்தம் சொல்லமாட்டேன்.

நான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். இஞ்சினியர் வந்தா உன்னயும் விசாரிப்பான், அப்ப நீ அந்தப் பைப்பு எறங்குறதச் சொன்னேங்கிறதச் சொல்லக் கூடாது. பென்சில் பொட்டையும் சொல்லக் கூடாது. பொய் சொல்லச் சொல்லல தம்பி, கேக்காததச் சொல்ல வேண்டாம்னுதான் சொன்னேன். நல்ல சாட்சின்னா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். நான் கேள்வி கேப்பேன், அவ பதில் சொல்லணும், அப்படி ரெண்டு மூணு நாளு பழக்குனேன். ஒரு நாளு அவ என்னத் திருப்பிக் கேட்டா. மெதுவா, மூச்சு வாங்கிக்கிட்டேதான் கேட்டா.

‘நான் உங்களுக்குச் சாட்சியா, சம்சாரமா?’

இது ஒரு கேள்வியா? எனக்குச் சிரிப்புதான் வந்துச்சி. ரெண்டும்தான்னு சொன்னேன். அவ சிரிக்கல.

ஆனி மாசம் பேரனுக்குக் காது குத்து. எங்களுக்கு ஒரே மகதான் தம்பி, செண்பகா. பையன் கெடையாது. தாய்மாமன் மடி வேணும்ல, தாத்தா நாந்தான் மடியில வச்சிக்கிடணும்னு பேச்சு. செயினு, வேட்டி துண்டு, சீர்த்தட்டு எல்லாம் எடுத்து வச்சாச்சி. கெளம்புற அன்னைக்குக் காலையில போன் வந்துச்சி, இஞ்சினியர் வர்றாருன்னு. நான் என்ன பண்ணுவேன்? ஆவுடைய மட்டும் பஸ் ஏத்தி விட்டேன். அன்னைக்கும் அவன் வரல. ஆனா வரலங்கிறது சாயங்காலம்தான தெரியும், காலையிலயா தெரியும்? மாப்ளையோட பெரியப்பா மகன் யாரோ ஒருத்தன் மடியில வச்சிக் குத்தியிருக்காங்க. செண்பகா என்கிட்ட ரொம்ப நாளு பேசல. மாப்ள பேசுவாரு, நல்ல மனுஷன், ராஜகுருன்னு பேரு, பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். ஆனா அந்த நல்ல மனுஷன்தான் கடைசியில என் தலையில கல்லத் தூக்கிப் போட்டாரு.

எப்படின்னு கேளுங்க. ஆவணி மாசம் நான் திருநெல்வேலியில கம்பெனி ஆபீசுக்கே நேராப் போனேன். போன்ல பேசி ஆகாதுன்னு. அங்க கண்ணாடிக் கதவுக்குப் பின்னால ஒரு சின்னப் பையன் மாதிரி மேனேஜர். நான் ஒரு பொட்டலத்த அரக்கு ஒடைக்காம அவன் மேசையில வச்சேன். என்ன சார் இது ஸ்வீட்டாங்கான். சாயங்காலம் வரைக்கும் உக்கார வச்சிட்டு, தினகர் இப்ப எங்க கம்பெனியில இல்ல சார், அவரு ஒப்பந்த ஆளு, வேற எங்கயோ போயிட்டாருன்னு சொல்லி அனுப்பிட்டான். பய கல்யாணம் முடிச்சி நல்லா இருப்பான் எங்கயாவது. போகட்டும். அவன் போனா கம்பெனி போயிருமா?

வீட்டுக்கு வந்தா வாசல்ல மணலு கெடக்கு. உள்ள போனா செவரு இல்ல. அதாவது, செவரு இருக்கு. புதுச் செவரு. பைப்ப மாத்தி, பூசி, பூசணத்தச் சொரண்டி, சுண்ணாம்பு ஒரு கை அடிச்சி, மாப்ள நின்னு வேல வாங்கிக்கிட்டு இருக்காரு. லீவு போட்டுட்டுக் கொத்தனாரோட வந்திருக்காரு. நான் ஊருக்குப் போற நாளாப் பாத்து வரச் சொன்னது யாருங்கீங்க? ஆவுடதான். அவ புது வாயில்சேலையக் கட்டிக்கிட்டு, அந்த ரூம்ல நாற்காலியப் போட்டு உக்காந்திருக்கா. அந்த இனாம்மணியாச்சி அம்மா மாதிரியே சிரிச்சிக்கிட்டு. பொட்டலத்தையெல்லாம் வெளிய தூக்கிக் கொட்டியாச்சி.

எனக்கு அப்ப என்ன வந்துச்சின்னு எனக்கே தெரியல. நான் சத்தம் போடல. மாப்ளைய ஒரு வார்த்த சொல்லல. காப்பி குடுத்து பஸ் ஏத்தி விட்டேன். பெறவு உளியும் சுத்தியலும் எடுத்தேன். பூச்சு இன்னும் பச்சையாத்தான இருந்துச்சி, ஈசியா வந்துச்சி. முன்ன இருந்த அளவு எனக்கு அத்துப்படி, அதுக்கு மேல ஒரு விரக்கடைகூட ஒடைக்கல. ஓட்டை இருந்த எடத்துல ஓட்டை. புதுப் பைப்புல அதே பக்கமா ஆணியால ஒரு உரசல். இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, நீங்க வழிப்பயணம்ங்கிறதால சொல்றேன். அழிச்ச தடயத்த மறுபடி நிறுத்துறது பொய்யாகாது தம்பி. உள்ளத உள்ளபடி ஆக்குறதுதான்.

ஆவுட வாசப்படியிலயே நின்னா. வேண்டாம்னு சொல்லல. என் கையப் பிடிக்கல. தூசி மண்டிருச்சி ரூம் பூராவும், அந்தப்பக்கம் போன்னு நான் சொன்னேன், போகாம நின்னா. நான் வேலைய முடிச்சித் திரும்பிப் பாக்கேன், கீழ உக்காந்திருக்கா. உதடு நெறம் மாறியிருக்கு. குழல வாயில வச்சி அடிக்கா, அடிக்கா, உள்ள போகல. பக்கத்து வீட்டு ஆட்டோவுலதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மறுநாளு செண்பகா வந்து திண்டுக்கல்லுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. போகும்போது ஆவுட என்கிட்ட, ‘மாடியில துணி காயுது, எடுத்து வச்சிருங்க’ன்னா. அம்புட்டுதான் பேசுனா. அதுக்கப்புறம் போன்ல பேசினா மூச்சு வாங்குதுன்னு மககிட்டக் குடுத்துருவா.

இப்ப தனியாத்தான் இருக்கேன். சோறு வடிக்கத் தெரியும், ரசம் வைப்பேன். வாரத்துக்கு ரெண்டு தடவ கம்பெனிக்குப் போன். ஒரு பொண்ணுக்கு என் குரலே தெரிஞ்சி போச்சி. ‘சார், நீங்களே சரி பண்ணிட்டு பில்லு அனுப்புங்க, பாக்கலாம்’னு ஒரு தடவ சொல்லிச்சி. அது எப்படிம்மா, நீங்க பாக்காம நான் தொட முடியும்னேன்.

விருதுநகர் தாண்டிட்டோமா. நான் பாக்கவே இல்ல.

இன்னைக்குக் காலையில செண்பகா கூப்பிட்டா. அவ திட்டுவா தம்பி, போன எடுத்தாலே திட்டுதான். எங்கம்மாவக் கொன்னுதான் கேஸ் ஜெயிக்கணுமான்னு போன வாரம்கூடக் கேட்டா. இன்னைக்குத் திட்டல. ‘அப்பா, கெளம்பி வாங்க’ன்னா. கொரலு தணிஞ்சி இருந்துச்சி. ‘அம்மா கண்ணத் தொறந்தா உங்களத்தான் கேக்காங்க. இன்னைக்கே வாங்கப்பா’ன்னா. திட்டியிருந்தா தேவலன்னு இருந்துச்சி எனக்கு. டாக்டரு என்ன சொன்னாருன்னு கேட்டேன். வாங்கப்பான்னு மறுபடி சொன்னா, அம்புட்டுதான். குளிக்காமக்கூட வந்துட்டேன். பையில அவளுக்கு ஒரு சேல, தலைகாணி ஒண்ணு. ஆஸ்பத்திரித் தலைகாணி அவளுக்கு ஒத்துக்கிடாது, உசரம் பத்தாது. உசரமா வச்சித்தான் படுப்பா.

எனக்குப் பயமா இருக்கு தம்பி. இத மககிட்டச் சொல்ல முடியாது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ இல்லாம நான் எந்த முடிவும் எடுத்ததில்ல. எடுத்துட்டு அவகிட்டத்தான் போயிச் சொல்லுவேன். இந்தச் செவரு விஷயம் முடிஞ்சாலும் அவகிட்டத்தான சொல்லணும். பாத்தியா, ஜெயிச்சிட்டேன்னு. வேற யார்கிட்டச் சொல்றது?

இருங்க, போனு. இந்த நம்பரு… கம்பெனி தம்பி. ஒரு நிமிஷம்.

ஆமாம்மா. ஆமா, நான்தான் பேசுறேன். கோயில்பட்டிதான். நாளைக்கா? சீனியர் இஞ்சினியரா, நிச்சயமா? சென்னையில இருந்தா வர்றாரு? பத்துல இருந்து ஒண்ணு. தாயி, ஒரு நாளு தள்ளிப் போட முடியுமா? ஒரே ஒரு நாளு. வீட்டுல ஒடம்புக்கு முடியல. முடியாதா. ஆள் இல்லன்னா புகாரு நிரந்தரமா மூடிருமா. மறுபடி போட முடியாதா. இல்ல இல்ல, மூடாதீங்க. இருப்பேன். இருப்பேம்மா. ஏதோ நம்பரு அனுப்புவீங்களா, அதத் திருப்பிச் சொல்லணுமா? சரி. திரும்பக் கூப்பிடுங்க, போன கையிலயே வச்சிருக்கேன். ரொம்ப சந்தோசம் தாயி.

வர்றாரு தம்பி. சென்னையில இருந்து வர்றாரு. பாத்தீங்களா, விடாமப் பிடிச்சதுக்கு.

அடுத்து என்ன, திருமங்கலமா? அதுல எறங்கிக்கிடுறேன். எதுத்தாப்புல கோயில்பட்டி வழியாத் திருநெல்வேலி போற பஸ் நெறைய உண்டு. இல்ல தம்பி, நீங்க சொல்றது புரியுது. ஆஸ்பத்திரியப் பாத்துட்டு ராத்திரி பஸ்ஸுல திரும்பிரலாம்தான். அத நானும் யோசிச்சேன். ஆனா நாலு நாளா நான் வால்வத் தொறக்கல. மனசு சரியில்ல, விட்டுட்டேன். புரட்டாசி வெயிலு, செவரு இந்நேரம் காஞ்சி கட்டியா நிக்கும். இன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து தண்ணி விட்டாத்தான் காலையில ஊறியிருக்கும். அவரு அம்புட்டுத் தூரம் வந்து காஞ்ச செவரப் பாத்துட்டுப் போனா நான் என்ன பதில் சொல்றது?

ஆவுட இருந்துக்கிடுவா. இத்தன நாளு இருந்தவ ஒரு நாளு இருக்க மாட்டாளா. நாளைக்கு மத்தியானம் அவரு பாத்து ஒத்துக்கிட்டதும் அடுத்த பஸ்ஸுல ஏறிருவேன். கையோட சேதிய அவகிட்டச் சொல்லிருவேன். கொத்தனாருக்கும் சொல்லி வச்சிட்டுத்தான் ஏறுவேன். அவ வரும்போது செவரு நல்லா இருக்கும், பாருங்க. பொங்கலுக்கு முன்னாலயே நல்லா இருக்கும்.

மறுபடி போனு. இது கம்பெனி இல்ல, செண்பகா. இப்ப எடுத்தா எங்க வந்துட்டீங்கன்னு கேப்பா, வெவரம் சொல்லி முடியாது. அழுவா. பெறவு கூப்பிட்டுக்கிடுறேன்.

கண்டக்டர், திருமங்கலம் ஒரு ஆளு எறக்கம். அந்தப் பைய எடுத்துக் குடுங்க தம்பி. தலைகாணி, பாத்து, கீழ விழுந்துரும். பாருங்க, நிறுத்தாம அடிக்கா. ஒருக்கா நிக்குது, மறுபடி அடிக்கா. இவ லைன்ல இருந்தா அந்தக் கம்பெனிப் பொண்ணு எப்படிக் கூப்பிட்டு நம்பரக் கேக்கும்?

இல்ல, நீங்க எடுக்க வேண்டாம். குடுங்க இப்படி. அடிக்கட்டும் தம்பி, அவளே ஓஞ்சிருவா. ஓஞ்சாத்தான் கம்பெனிக்காரங்க லைனுக்கு வர முடியும்.